கூண்டுத் துரு நிப்பிளில் தொடங்குகிறது

நாமக்கல் பக்கம் கடல் கிடையாது, உப்புக் காற்றும் கிடையாது. ஆனாலும் எங்கள் கோழிப்பண்ணைகளில் கம்பி அரிக்கிற வேகத்தைப் பார்த்தால் தூத்துக்குடிக்காரர்களே மூக்கின்மேல் விரல் வைப்பார்கள். தண்ணீர் லைனும் கூண்டும் பழுது பார்ப்பது என் தொழில். "கூண்டெல்லாம் துருவேறிப் போச்சுங்க, பெயின்ட் அடிச்சுக் குடுங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் போனதும் கூண்டைப் பார்ப்பதில்லை. குனிந்து கீழே எருவைப் பார்ப்பேன். எரு எங்கே சேறாகக் கிடக்கிறதோ, அதற்கு நேர் மேலே, கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கிற நிப்பிள் ஒன்று சொட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றியுள்ள கம்பிதான் முதலில் போயிருக்கும்.

காரணம் எளிது. கோழி எச்சத்தில் இருக்கிற யூரிக் அமிலம் காய்ந்து கிடக்கும்வரை சும்மா கிடக்கும். ஈரம் பட்டால் பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றிவிடும். கால் ஊன்றிக் கட்டிய உயரக் கொட்டகைகளில் எரு மாதக்கணக்கில் அடியிலேயே குவிந்திருப்பதால் வாயு நேராக மேலே ஏறும். கம்பியில் படிந்த ஈரத்தில் கரைந்து துத்தநாகப் பூச்சைத் தின்னும். பூச்சு போனபின் இரும்புக்குக் காவல் இல்லை. கம்பியில் வெள்ளைப் பொடி பூத்தால் துத்தநாகம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போதே விழித்துக்கொண்டால் செலவு குறைவு. செந்துரு தெரியும்போது பாதிக் காலம் தாண்டியிருக்கும்.

"ஒரு சொட்டுதானே" என்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். முட்டைக்கோழி ஒன்று சாதாரண நாளில் கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். ஆக, பதினாறு பதினேழு கோழி குடிக்கிற தண்ணீர் ஒரே இடத்தில் எருவுக்குப் போகிறது. அந்தச் சேற்றில்தான் ஈ முட்டையிடும்; நம் வெயிலுக்குப் பத்து நாளில் புது ஈ பறக்கும். ஊர்க்காரர்களோடு வரும் ஈச் சண்டைக்கும் கூண்டுத் துருவுக்கும் வேர் ஒன்றுதான்.

சொட்டுகிற நிப்பிளை உடனே கழற்றி எறிய வேண்டாம். உள்ளே இருக்கிற ஊசியை விரலால் நாலைந்து தடவை தட்டிவிடுங்கள். சொட்டு நின்றால் நிப்பிள் நல்லதுதான், உட்காருமிடத்தில் மணல் மாட்டியிருக்கிறது. நம் பாறைப் பூமி போர்த் தண்ணீரில் பொடி மணலும் சுண்ணாம்பும் தாராளம். டேங்குக்கும் லைனுக்கும் நடுவே ஃபில்டர் போட்டு, அதைக் கழுவவும் செய்தால் பாதித் தொல்லை தீரும். ஃபில்டர் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கழுவுகிறவர்கள்தான் குறைவு.

அடுத்தது அழுத்தம். பெரிய கோழிக்கு நிப்பிளுக்கு மேல் ஓரடிக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் நின்றால் போதும். பத்தடி உயர டேங்கிலிருந்து நேராக இணைப்புக் கொடுத்தால் ஒவ்வொரு நிப்பிளும் பீய்ச்சும். கோழி குடிப்பதைவிடக் கீழே விடுவது அதிகமாகும். வரிசைக்கு வரிசை ரெகுலேட்டரோ மிதவை வைத்த சின்ன டேங்கோ இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஊசி தன் எடையால்தான் உட்காருகிறது; நிப்பிள் நேராகத் தொங்க வேண்டும். உருட்டு பைப் லேசாகத் திரும்பினாலும் சாய்ந்து ஒழுகும். பைப்பைத் தாங்கும் பிடிகள் தூரதூரமாக இருந்தால் பைப் தொய்யும். மேடான இடத்தில் காற்று அடைத்து, அங்கே உள்ள கோழிக்குத் தண்ணீரே போகாது. ஒரு முனையில் கண்ணை வைத்து வரிசையைப் பார்த்தாலே கோணல் தெரிந்துவிடும்.

வைட்டமினோ மருந்தோ தண்ணீரில் கலந்து கொடுத்த மறுநாள் கடைசி வால்வைத் திறந்து லைனை அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பாசிபோல் வழவழப்புப் படியும். சுண்ணாம்புப் படிவுக்குக் கழிவுக்கோழி ஏற்றி ஷெட் காலியானதும் சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி வைத்துக் கழுவலாம். அமிலம் இருக்கும்போது ப்ளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

கூண்டில் செய்ய வேண்டியது இதற்குப் பிறகுதான். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, ஜிங்க் பெயின்ட் பூசலாம். வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு கருகியிருக்கும், அங்கே இரண்டு கை அதிகம். கோழி உள்ளே இருக்கும்போது இந்த வேலை கூடாது. அறுந்த கம்பியை மோட்டார் வைண்டிங் செம்புக் கம்பியால் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ஈரத்தில் செம்பும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டால் துத்தநாகம்தான் வேகமாகக் கரையும். ஜி.ஐ. கம்பியாலேயே கட்டுங்கள்.

பித்தளை வால்வும் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்துக்காகக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டிருந்தன. இது நடந்தது இந்தியாவில்தான். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். உருவாக்கும்போதே உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிட்ட பித்தளைக்கு அம்மோனியா எமன். கோழிக் கொட்டகையில் அது லாயத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். பிவிசி பால் வால்வே போதும், விலையும் குறைவு.

பழைய கூண்டு வாங்குகிறவர்கள் முகப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். முகப்பில் தீவனத்தொட்டி உரசிப் பளபளவென்றுதான் இருக்கும். கவிழ்த்துப் போட்டு, அடித்தளக் கம்பி குறுக்குக் கம்பியோடு ஒட்டும் புள்ளிகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொலபொலவென்று பொடி உதிர்ந்தால் இரும்புக் கடை எடை விலைக்கு மேல் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை.