நம்பிக்கையும் தன்மதிப்பும்

கேமரன் மலையில் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-ம் ஆண்டில். அவ்வாண்டு அக்டோபரிலேயே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ரப்பரும் வெள்ளீயமும் விலை வீழ்ந்து, மலாயாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். தேயிலையோ நட்டுச் சில ஆண்டு காத்திருந்தால்தான் பலன் தரும். ரஸ்ஸல் 1933-ல் காலமானார். தோட்டம் இன்றும் இருக்கிறது. அது காடு வெட்டிச் செடி நட்ட நம்பிக்கை. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று கல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பதும் நம்பிக்கைதானா, வியாபாரச் சகோதரர்களே?

துன்பத்தைச் சமாளிக்கும் வழிகளை லாசரஸ், ஃபோக்மன் என்னும் அமெரிக்க மனநூலார் 1984-ல் இரண்டாகப் பகுத்தனர்: காரணத்தைக் களைய முயல்வது ஒன்று, மனத்தை ஆற்றிக்கொள்வது மற்றொன்று. நன்னம்பிக்கை உடையோர் மாற்றக்கூடிய காரியத்தில் முதல் வழியையே பெரிதும் கையாளுகின்றனர் என்பது ஆராய்ச்சிகளில் கண்டது. அவர்களுக்குத் தன்மதிப்பும் பொதுவாக மிகுதி. (எது விதை, எது மரம் என்பது வேறு வழக்கு.)

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, மலைக்கு வரும் சுற்றுலாக் கூட்டம் நின்றது. அடைத்த சாலையைத் திறப்பது கடைக்காரர் கையில் இல்லை. அங்கே மன ஆறுதலே மருந்து. பேரேட்டைப் புரட்டி, சரக்குக் கொடுத்தவரிடம் தாமே முந்திக்கொண்டு தவணை கேட்பது அவர் கையில் இருந்தது. கேட்கக் கூசியவர் தம் மதிப்பைக் காப்பதாக எண்ணினார். கடன்காரர் கண்ணில் படாமல் ஒளிந்த ஒவ்வொரு நாளும் தம் கண்ணிலேயே அவர் சிறுத்துப் போனார்.