ஆண் மீன் வயிற்றில் முட்டையா?

போன பாடத்தில் குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பது பற்றிப் படித்தோம். இந்தப் பாடம் கழிவுநீரையும் மீனையும் பற்றியது. இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிற நமக்கும் கடல் மீனுக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம்ம பக்கத்து செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி மதகு திறந்தால், அந்த உபரி நீர் அடையாற்றில் போய், பட்டினப்பாக்கம் அருகே கடலில் கலக்கிறது. ஆறும் கடலும் சேரும் அந்த முகத்துவாரத்தில்தான் மடவை போன்ற மீன்கள் மேய்கின்றன.

ஹார்மோன் என்றால் என்ன?

தைராய்டு பரிசோதனை செய்த சகோதரிகளுக்கு இந்தச் சொல் பழக்கம். ஹார்மோன் என்பது ரத்தத்தில் ஓடும் தபால் மாதிரி. வளர்ச்சி, மாதவிலக்கு, கரு உண்டாவது எல்லாம் அது கொண்டுபோகும் செய்திப்படிதான் நடக்கும். மீனுக்கும் ஹார்மோன் உண்டு. எப்போது முட்டை வைக்க வேண்டும், எப்போது விந்து ஊற வேண்டும் என்று அதுதான் சொல்கிறது.

சில ரசாயனங்கள் பெண் ஹார்மோன் போலவே வேஷம் போடும். பிளாஸ்டிக்கில் இருந்து வரும் பிஸ்பீனால்-ஏ, சில சலவைப் பொருட்கள் சிதைந்து வரும் நோனைல்பீனால் இரண்டும் அப்படிப்பட்டவை. மீன் இரவு பகலாக அந்தத் தண்ணீரிலேயே மூச்சு விடுவதால், செவுள் வழியாக அவை உடம்புக்குள் போகின்றன. பொய்த் தபாலை நம்பி, ஆண் மீனின் கல்லீரல் முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்யத் தொடங்கிவிடும். சில ஆண் மீன்களின் விந்துப்பையிலேயே முட்டை தோன்றும். 1990-களில் இங்கிலாந்தின் முகத்துவாரங்களில், நம்ம நாக்கு மீன் போலத் தட்டையான மீன்களில் இதைக் கண்டார்கள்.

எவ்வளவு கலந்தால் கெடுதல்?

கனடா நாட்டில் விஞ்ஞானிகள் 2001 முதல் 2003 வரை ஒரு சிறிய ஏரியில் சோதனை செய்தார்கள். கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கைப் பெண் ஹார்மோனை மிகக் குறைவாகக் கலந்தார்கள். நம்ம மாலா-டி மாத்திரை ஒன்றில் உள்ள அந்த ஹார்மோனை 6,000 லிட்டர் தண்ணீரில், அதாவது ஒரு டேங்கர் லாரித் தண்ணீரில் கரைத்தால் என்ன அளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கே அங்கிருந்த சின்ன மீன் இனம் அநேகமாக அழிந்துபோனது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய மீன்களும் குறைந்தன. ஹார்மோன் கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் சின்ன மீன் மறுபடி பெருகியது. நிறுத்தினால் மீளும் என்பதும் இதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

நம்ம ஊர் ஆறுகள்?

காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆற்று நீரை திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சோதித்து, 2011-லும் 2014-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். கிருமிநாசினி சோப்பில் சேர்க்கும் டிரைக்ளோசான், பிஸ்பீனால்-ஏ, நோனைல்பீனால் மூன்றும் அந்த ஆறுகளில் இருந்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் கருத்தடை மாத்திரையை நிறுத்த வேண்டாம், மீன் வாங்குவதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரை சாப்பிடாதவர் சிறுநீரிலும், மாட்டு மூத்திரத்திலும் இயற்கையாகவே ஹார்மோன் உண்டு. குற்றம் கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் ஏரியிலும் ஆற்றிலும் விடுவதில்தான். மீன் குறைந்தால் முதலில் அடுப்பு அணைவது கூடை தூக்கி மீன் விற்கும் நம்ம சகோதரி வீட்டில்தான்.

நாம் செய்யக் கூடியவை

1. காலாவதியான மாத்திரையைக் கழிப்பறையிலோ குளத்திலோ போடாதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு ஒப்படையுங்கள்.
2. பூச்சிமருந்து டப்பாவை ஏரி, கால்வாயில் கழுவாதீர்கள்.
3. வீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி அமையுங்கள்.
4. ஏரியில் நுரையோ, நிறம் மாறிய நீரோ, செத்த மீனோ கண்டால் தேதி, நேரம், இடம் குறித்து, ஊராட்சிக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் குழுவாக மனு கொடுங்கள். ஒருத்தி கையெழுத்தைவிட இருபது பேர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.
5. மார்ச் 22 உலக தண்ணீர் தினம். அன்று நடக்கும் கிராம சபையில் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச: நம்ம தெருக் கழிவுநீர் எந்தக் கால்வாயில் சேர்கிறது? அது எந்த ஏரிக்குப் போகிறது? நடந்து போய்ப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.