முகம் கழுவப் பயற்றம் மா



2016 மே 17ஆம் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயத்தின் மேல் மண் விழுந்தது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது கேகாலை மாவட்டத்தில் மறுபடியும் குடும்பங்கள் காணியை விட்டு எழும்ப நேர்ந்தது. இடம்பெயர்ந்தோர் சாப்பாட்டைப் பற்றியும் காணியைப் பற்றியுமே முதலில் பேசுவர்; முகத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுவர். ஆனால் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தாலேயே முகத்தையும் கழுவி, தோல் வெடித்து எரிகிறது என்று சொல்லும் பெண்களை நாம் கண்டிருக்கிறோம்.

எரிவது ஏன்? நமது தோலின் மேற்பரப்பில் இலேசான புளிப்புத் தன்மை உண்டு. சவர்க்காரம் காரத்தன்மை உடையது. உடுப்புச் சவர்க்காரத்தில் அது இன்னும் கூட. அது அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். பயற்றம் மா அவ்வளவு கடுமையாக எடுக்காது. அதன் மாத்துகள் எண்ணெயையும் அழுக்கையும் உறிஞ்சும். பயறில் இயற்கையாகவே சிறிது நுரைக்கும் பொருளும் உண்டு.

செய்யும் முறை: 250 கிராம் பயறைப் பொறுக்கிச் சுத்தம் செய்து வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். மாவனல்லைப் பக்கத்து மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. அப்போது சட்டியில் இளஞ்சூட்டில், நிறம் மாறாமல், ஈரம் போகும்வரை கிளறினால் போதும். ஆறியதும் இடித்தோ அரைத்தோ மெல்லிய துணியில் அரியுங்கள். கரடுமுரடான மா தோலைக் கீறும். துணியில் மிஞ்சுவதை மறுபடி இடியுங்கள். வீட்டு மஞ்சளை அவித்து, காயவைத்து, இடித்த தூள் இருந்தால் கால் தேக்கரண்டி சேர்க்கலாம். 2020இல் மஞ்சள் விலை ஏறியபோது கலப்படத் தூள் கடைகளில் பரவியதை மறக்கவில்லைதானே. மஞ்சள் இல்லாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை.

இரண்டு தேக்கரண்டி மாவைக் கொதித்தாறிய நீரில் குழைத்து, ஈர முகத்தில் விரல் நுனியால் மெதுவாகத் தடவி, காயுமுன் கழுவுங்கள். தோல் வறண்டிருந்தால் நீருக்குப் பதில் சிறிது தயிர். நாளுக்கு ஒரு தடவை போதும். 250 கிராம் ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வரும்.

ஒரு தடவை நாம் இரண்டு கிலோ பயறை ஒரேயடியாக இடித்து வைத்தோம். மூன்றாம் கிழமை புழுவும் பூஞ்சணமும்! முழுவதையும் குழியில் கொட்டினோம். ஆகவே கொஞ்சமாகச் செய்து, காய்ந்த ஜாம் போத்தலில் இறுக மூடி வையுங்கள். ஈரக் கையைப் போத்தலுக்குள் விடக்கூடாது. குழைத்ததை மறுநாளுக்கு வைக்கவும் கூடாது.

பயறு உணவு என்பதும் நமக்குத் தெரியும். பிள்ளைகளின் கஞ்சிக்கே போதாத வீட்டில் அதை முகத்துக்கு இடிக்கச் சொல்ல மாட்டோம். அங்கே அரிசியின் இரண்டாம் கழுநீரே போதும். அன்றன்றே எடுத்து, அன்றன்றே ஊற்றிவிடுங்கள்.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் பூசி ஒரு நாள் பாருங்கள். கடித்தால், சிவந்தால் விட்டுவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். தேசிக்காய்ச் சாற்றை எவரும் கலக்க வேண்டாம்; அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துவிடும். காலையில் பூசிவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

சிரங்கு, தேமல் முதலியவை இதனால் மாறா. நெருக்கமாகத் தங்குமிடத்தில் சொறி வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து எடுங்கள். ஒருவருக்கு மட்டும் பூசிப் பயனில்லை. கூடப் படுத்தெழும்பும் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், பாய், போர்வைகளையும் அவித்துத் தோய்க்க வேண்டும்.

இந்த மா எவரையும் வெள்ளையாக்காது. அப்படிச் சொல்லி விற்கப்படும், பெயர் விபரம் சரியாக இல்லாத களிம்புகளை வாங்காதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும். 2013இல் உலக நாடுகள் செய்த மினமாட்டா உடன்படிக்கை இவற்றைத் தடுக்கவும் எழுந்தது. ஆயினும் அவை இன்னும் விற்பனைக்கு வருகின்றன. வீட்டில் அப்படியொன்று இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, எவ்வளவு காலம் பூசினீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். களிம்புப் பெட்டியையும் கையில் கொண்டு போங்கள்.