துப்பாக்கி ஒரு சொத்தாகுமா?

மூணாறு, பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கமும், இங்கே சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் பெரியவர் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி இருப்பதுண்டு. பன்றிக்கும் காவலுக்கும் வாங்கியது. "தங்கம் மாதிரி, வைத்திருந்தால் விலை ஏறும்" என்று சிலர் சொல்வார்கள். அது சரிதானா என்று பார்ப்போம்.

விலை ஏறியது உண்மைதான். 1980களின் நடுவில் பொதுமக்களுக்கான வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. வெப்லி ஸ்காட் போன்ற பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளுக்குக் கிராக்கி வந்தது அப்படித்தான். அமெரிக்காவிலும் 1986இல் தனியார் பெயரில் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவு செய்வதை நிறுத்தினார்கள்; முன்பே பதிவானவற்றின் விலை பல மடங்கானது. இரண்டு இடத்திலும் விலையை ஏற்றிவிட்டது சட்டம்தான். அதை இறக்கவும் சட்டத்தால் முடியும்.

2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. (தங்கத்துக்கும் 1968இல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததே என்று பெரியவர்கள் கேட்கலாம். அது 1990இல் போய்விட்டது.) வெப்லி ஸ்காட் பெயரிலும் 2020க்குப் பிறகு உத்தரப் பிரதேசத்து ஹர்தோயில் துப்பாக்கி தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விற்பது இன்னும் சிரமம். வாங்குபவருக்கு லைசென்ஸ் வேண்டும், அதில் இடமும் வேண்டும். விற்கும் எண்ணத்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அவசரச் செலவுக்கு அடகு வைக்கவும் வழியில்லை.

தோட்டக்காரருக்கு அது பயன்படும் பொருள், அதை மறுக்கவில்லை. காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்குத் தந்தபோது, சுடுவதற்கு லைசென்ஸ்காரர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

பெரிய ஆபத்து, பிள்ளைகள் பம்பாயிலும் வளைகுடாவிலும் இருக்கும் வீடுகளில். லைசென்ஸ் அப்பாவின் பெயரில்; அவரோடு அது முடிந்துவிடும். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு, துப்பாக்கி அலமாரியிலேயே இருந்தால் அம்மாவின் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். தண்டனை 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக்கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு மனுச் செய்யலாம், அல்லது முறைப்படி விற்கலாம்.

லைசென்ஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் புத்தகத்தை வாங்கித் தேதியைப் பாருங்கள்.