ஆடிக்கு ஆடித் தள்ளுபடி

2024 ஆடியில் அக்கா மகன் போன் போட்டான். "மாமா, ஆடிக்கு ஆடித் தள்ளுபடியில டயர் சிக்கியிருக்கு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். முதல் ஆடி அவனுடைய 2009 மாடல் ஆடி டிடி கூபே. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் வீட்டில் வருஷக்கணக்காக ஷெட்டில் நின்றதை, ஆசைப்பட்டு மதுரைக்கு ஓட்டிவந்திருந்தான். டயர் நாலும் மொட்டை. பைபாஸ் ரோட்டில் ஒரு கடைக்காரர் அதே சைஸில், பெரிய கம்பெனி டயரை, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

நானும் கூடப் போனேன். "பட்டனைப் பாருங்க சார், அப்படியே நிக்குது" என்றார் கடைக்காரர், ரோட்டில் படும் ரப்பர் வரிகளைக் காட்டி. உண்மைதான். புது டயரில் முள்முள்ளாக நிற்குமே ரப்பர் முடி, அதுகூட உதிரவில்லை. மேலே பாலிஷ் வேறு பளபளத்தது. நான் போன் டார்ச்சை அடித்து, டயரைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் தேடினேன். தயாரிப்புத் தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும். நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம்: 3116. அதாவது 2016-ஆம் வருஷத்தின் 31-வது வாரம். டயரும் ஆடியில்தான் பிறந்திருக்கிறது, எட்டு வருஷத்துக்கு முந்தைய ஆடியில்.

"ஓடாத டயருக்கு வயசு கிடையாது சார்" என்றார் அவர். டயர் விஷயத்தில் நம் ஊரில் வேரோடியிருக்கும் நம்பிக்கை இதுதான். பட்டன் இருந்தால் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறோம். தினமும் ஓடும் டாக்சிக்கு அது பொருந்தும், வயதாவதற்குள் டயர் தேய்ந்துவிடும். சட்டமும் பட்டனைத்தான் அளக்கிறது: மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் பழைய கூபேயின் டயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்லமெல்லக் கெட்டியாக்கி வெடிப்பு விழ வைக்கும். சூடு அதை வேகப்படுத்தும். இதைத் தடுக்க ரப்பருக்குள்ளேயே ஒரு வகை மெழுகைக் கலந்துதான் தயாரிக்கிறார்கள். டயர் உருண்டு வளையும்போதுதான் அது கசிந்து மேலே படியும். ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்தக் கசிவு குறைவு. நிறுத்தி வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று நாம் நினைக்கிறோம், டயரோ நின்ற இடத்திலேயே கிழடு தட்டுகிறது.

கடைக்காரர் சொன்னதில் கால்வாசி நியாயம் உண்டு. இருட்டான, குளுமையான குடோனில் கிடந்த டயர் மெதுவாகத்தான் முதுமையடையும். தகரக் கொட்டகைக்கும் மதுரைக் கத்திரி வெயிலுக்கும் அந்தக் கணக்கு செல்லாது. பல கார் கம்பெனிகள் 6 வருஷத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகளில் தாராளமானவையே 5 வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதித்து, எப்படி இருந்தாலும் 10 வருஷத்தில் கழற்றச் சொல்கின்றன. இந்த ஊர் வெயிலுக்கு 6 என்பதே தாராளம் என்பது என் கட்சி.

ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் இறந்த விபத்து நினைவிருக்கலாம். அவர் உட்கார்ந்திருந்த போர்ஷே கரேரா ஜிடியின் டயர்களுக்கு வயது 9. முதல் காரணம் அதிவேகம்தான் என்றது போலீஸ் விசாரணை. ஆனால் டயரின் முதுமை காரைக் கட்டுப்படுத்துவதைப் பாதித்திருக்கலாம் என்றும் அதே விசாரணை குறித்தது.

எட்டு வயது டயர் ஏன் இன்னும் விலை போகிறது என்றால், சைஸ் கிடைப்பதில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வைத்தது. லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவர முடியாது. ஸ்விஃப்ட் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. மருமகன் காரின் 245/40 R18 சைஸைத் தேடுகிறவருக்கு நன்றாகவே தெரியும். மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் ஃபாக்டரி இருக்கிறது, ஆனால் அங்கே வார்ப்பதில் பெரும்பகுதி பைக், ஸ்கூட்டர் டயர். ஊரில் டயர் ஃபாக்டரி இருந்தும் மருமகன் காருக்கு டயர் இல்லை.

அடுத்தது சைஸ் பற்றிய நம்பிக்கை. "கம்பெனி போட்ட 18 இஞ்ச்தான் போடணும், இறக்குனா கார் கெட்டுரும்." இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 245/40 R18 என்றால் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 40 சதவீதம், 98 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு 98, நடுவில் 457 மில்லிமீட்டர் ரிம். மொத்த உயரம் 653. இப்போது 245/45 R17: பக்கச்சுவர் 110, ரிம் 432. மொத்தம் 652. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டரோ கியரோ கண்டுகொள்ளாது. அந்த டிடி மாடலுக்குக் கம்பெனியே 17 இஞ்சும் கொடுத்தது. பிரேக் காலிப்பர் இடிக்காமல் இருந்தால் போதும்.

பக்கச்சுவரில் கூடும் அந்த 12 மில்லிமீட்டர் ரப்பர், நம் பக்கத்தில் வெறும் எண் இல்லை. பெயின்ட் அடிக்காத வேகத்தடையும் மழைக்குப் பிறகு வாய் பிளக்கும் குழியும் மெல்லிய பக்கச்சுவரை ரிம்மோடு வைத்து நசுக்கும். உள்ளே நூல் அறுந்து, வெளியே பன் மாதிரி வீங்கும். அருப்புக்கோட்டை பக்கம் ரோட்டோரமாக வண்டியை இறக்கினால் சீமைக் கருவேல முள். பட்டனில் ஏறினால் பஞ்சர் கடைக்காரர் காளான் பேட்ச் போட்டுத் தருவார். பக்கச்சுவரில் ஏறினால் டயரே போச்சு, அங்கே ஒட்டு நிற்காது. அழகு பார்த்து 19 இஞ்சுக்கு ஏற்றுகிறவர்களைப் பார்த்தால், முள்காட்டில் செருப்பில்லாமல் நடக்கிறவரைப் பார்ப்பது போல இருக்கிறது எனக்கு.

"சம்மர் டயர் மழைக்கு ஆகாது, ஆல் சீசன் வாங்கு" என்று இன்னொரு நண்பர் போனில் ஆலோசனை சொன்னார். பெயரால் வந்த குழப்பம். சம்மர் டயர் என்றால் பனி விழாத ஊருக்கான டயர். ஈர ரோட்டிலும் நல்ல பிடிப்பு அதற்கு உண்டு. ஆல் சீசனின் ரப்பர் குளிருக்கும் ஈடுகொடுக்கும்படி செய்தது. சம்மர் டயர் இறுகத் தொடங்குவது 7 டிகிரிக்குக் கீழே என்பார்கள். மார்கழிப் பஜனைக்கு ஸ்வெட்டர் போடும் மதுரைக்காரருக்கு 7 டிகிரி என்றால் கொடைக்கானல்தான். ஐப்பசி மழையில் காரை மிதக்க விடுவது ஆழமில்லாத பட்டனும் குறைந்த காற்றும்தான். அகலமான டயரும் தண்ணீரில் சீக்கிரமே மிதக்கும், ஆகவே இன்னும் அகலம் போட்டால் இன்னும் பிடிப்பு என்பது காய்ந்த ரோட்டுக் கணக்கு.

காற்று என்றதும் எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வந்துவிட்டேன். "வெயில் காலம், காத்து விரியும், டயர் வெடிச்சிரும், அதனால ரெண்டு பாயின்ட் கம்மியா பிடிங்க." பெட்ரோல் பங்கில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. காற்று விரிவது நிஜம். 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ பிடித்த டயர், ஓடிச் சூடாகி 60 டிகிரிக்குப் போனால் சுமார் 36, 37 காட்டும். கம்பெனி இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. கதவோரத்திலோ பெட்ரோல் மூடிக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும் அளவு, ஓடாத, ஆறின டயருக்கு உரியது. சூடான டயரில் 36 இருக்கிறதே என்று 32-க்கு இறக்கினால் மறுநாள் காலை ஆறின டயரில் இருப்பது 28தான். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடக்கில் பிறக்கும் சூடுதான் கோடையில் டயரைக் கிழிக்கிறது. வெடிக்கக் கூடாது என்று இறக்கிய காற்றுதான் வெடிக்க வைக்கிறது. நைட்ரஜன் பிடித்தால் இதெல்லாம் வராது என்பவர்களுக்கு: நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். பிடிப்பதில் தப்பில்லை, மாதாமாதம் அளந்து பார்ப்பதை அது தள்ளுபடி செய்யாது.

ரெண்டு டயர் இப்போது, ரெண்டு தீபாவளிக்கு என்று மருமகன் ஒரு யோசனை வைத்திருந்தான். சாதாரணக் காரில் செய்யலாம், புது ஜோடியைப் பின்னால் போட வேண்டும். முன்னால் போடுவதுதான் வழக்கம், ஆனால் ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அவன் டிடியில் நாலு சக்கரமும் இழுக்கும். முன்னும் பின்னும் உயரம் மாறினால் முன்னையும் பின்னையும் இணைக்கும் கிளட்ச் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். நாலையும் சேர்த்து, ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

கடைசியில் எங்கிருந்தோ பழைய 17 இஞ்ச் ரிம் ஒரு செட் பிடித்தான். டயர் வேறு கடையில். அதிக நாள் உழைக்கும் என்று ட்ரெட்வேர் எண் பெரிதாக இருப்பதைக் கடைப் பையன் காட்ட, "அண்ணே, வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும், தேய்றதுக்கு முன்னாடி காஞ்சிரும். மெதுவா இருக்க ரப்பரா குடுங்க" என்று இவனே சொன்னான். எனக்குக் கொஞ்சம் பெருமை. தேதியை அவனே குனிந்து படித்தான், நாலிலும். நாலு மாதத்துச் சரக்கு. பாண்டி கோயிலில் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு விருதுநகர் வரை போய் வருவதாகச் சொன்னான்.

மத்தியானம் கப்பலூர் டோல்கேட்டிலிருந்து போன். "மாமா, காலைல 32 பிடிச்சேன். இப்ப 36 காட்டுது. பங்க்ல அண்ணன் கொஞ்சம் இறக்கிரலாம்ங்கிறாரு."

"வால்வுல இருந்து கைய எடுக்கச் சொல்லு" என்றேன்.