மூக்கு நீண்ட லாரி முதல் லாரி ஆகாது

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், பிளாஸ்டிக் கிட்டில் மாடல் கட்டப் பழக வருகிற பிள்ளைகளின் கையில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பெட்டிதான் இருக்கிறது. மேலட்டையில் மூக்கு நீண்ட அமெரிக்க லாரி, இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய்கள், எங்கு பார்த்தாலும் குரோம். 2007-இல் வந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்தில் ஆப்டிமஸ் பிரைமாக உருமாறியது பீட்டர்பில்ட் 379. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு லாரி என்றாலே அந்த உருவம்தான் மனதில் வருகிறது. இன்னொரு கூட்டம் பெற்றோர் தேர்ந்தெடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. “சும்மா அலமாரியில வைக்கிறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு செலவு? ஓடுற லாரியா இருந்தா நாளைக்கு இன்ஜினியரிங்குக்கு உதவுமே” என்பது அவர்கள் கணக்கு. இரண்டு வகைப் பெட்டிகளும் பாதியில் நின்று பரணுக்குப் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கிட் மோசமில்லை, பிள்ளையும் மோசமில்லை. தேர்வு தவறாகிவிட்டது, அவ்வளவுதான்.

அளவு, கம்பெனி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாரி மாடலுக்கு 1/24, 1/25 இரண்டுமே நிலைபெற்றுவிட்ட அளவுகள். இத்தாலியின் இத்தலேரி ஐரோப்பிய லாரிகளை 1/24-இல் தருகிறது. அமெரிக்க ஏ.எம்.டி. தன் நாட்டு வண்டிகளை 1/25-இல் தருகிறது. ரெவெல் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. ஒட்டாமல் அழுத்திப் பூட்டும் 1/32 கிட்களும் அவர்களிடம் உண்டு; பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 1/25 லாரிக்குப் பின்னால் 1/24 டிரெய்லரை மாட்டாதீர்கள். இரண்டரை மீட்டர் அகல வண்டி ஒன்றில் 100 மி.மீ., மற்றதில் 104 மி.மீ. அந்த நான்கு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியும்.

பெற்றோர் விரும்பும் ஓடுகிற லாரி என்றால் அது பெரும்பாலும் டாமியாவின் 1/14 அளவு வண்டிகள். அலுமினியச் சட்டம், மூன்று வேக கியர்பாக்ஸ், உண்மையான ஸ்பிரிங் பட்டைகள் என்று அருமையான பொருள்தான். ஆனால் ரிமோட், சர்வோ, பேட்டரி, சார்ஜர் என்று பெட்டிக்கு வெளியே வாங்க வேண்டியவை ஏராளம். கட்டும் வேலையில் பெரும்பகுதி திருகு முடுக்குவதும் கிரீஸ் வைப்பதும். வண்டி ஓட ஆரம்பித்ததும் பிள்ளை அதை ஓட்டத்தான் பார்ப்பான். கேபினை வெட்டி ஒட்டித் தன் விருப்பப்படி மாற்றும் பொறுமை அப்புறம் வராது. இயந்திர நாட்டம் உள்ள பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுங்கள். மாடல் கட்டும் நாட்டம் உள்ள பிள்ளைக்கு வேண்டாம்.

ஜப்பானின் அலங்கார லாரிகளான டெக்கோடோராவை ஒரு சிலர் கேட்கிறார்கள். 1975 முதல் 1979 வரை டோயி நிறுவனம் எடுத்த ‘டொரக்கு யாரோ’ படவரிசை அங்கே அந்த மோகத்தைப் பரப்பியது. ஆவோஷிமா அவற்றை 1/32-இல் தருகிறது. பொம்மை விளக்குகளும் படம் வரைந்த பக்கத் தகடுகளும் அழகு. ஆனால் அலங்காரத்தை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். உங்கள் கற்பனைக்கு அதில் இடம் குறைவு.

இனி மூக்கு நீண்ட அமெரிக்க லாரி. எச்சரிக்க வேண்டியது இதைப் பற்றித்தான்.

அந்த மூக்கு எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் லாரியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்துக்குப் பல மாநிலங்கள் கட்டுப்பாடு வைத்திருந்தன. அதனால் இன்ஜினுக்கு மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும் தட்டை முக வண்டிகள் அங்கும் நிறைய ஓடின. 1982-இல் வந்த மத்தியச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்கு வரம்பு வைப்பதை விட்டு டிரெய்லர் நீளத்தை மட்டும் பார்க்கச் சொன்னது. அதன்பின் மூக்கு நீளத் தடை இல்லை. தட்டை முகம் அங்கே அருகிப்போனது. ஐரோப்பாவில் இழுவை வண்டியும் அரை டிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டர் என்ற வரம்பு இருந்ததால் அங்கே தட்டை முகமே நிலைத்தது. அமெரிக்காவில் சொந்த வண்டி வைத்திருந்த ஓட்டுநர்கள், நீளத்தையே பெருமையாக்கி, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சில்களுக்கும் இடையே 300 அங்குலம் வரை இழுத்துக் கட்டினார்கள். கஸ்டம் லாரி என்று காணொளிகளில் பிள்ளைகள் பார்த்து மயங்குவது இந்த மரபைத்தான்.

அந்த 300 அங்குலத்தை 25-ஆல் வகுத்தால் சுமார் 30 செ.மீ. வருகிறது. ஐரோப்பிய இரண்டு ஆக்சில் இழுவை வண்டியின் இடைவெளி சுமார் 3.7 மீட்டர், 1/24-இல் 15 செ.மீ.-ஐக் கொஞ்சம் தாண்டும். சேஸிஸ் என்பது இரண்டு நீளச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும்தான். ஒட்டும்போது ஒரு மூலையில் ஒரு டிகிரி முறுக்கு விழுந்தால், சட்டம் இரண்டு மடங்கு நீளமாக இருக்கும்போது மறுமுனையில் பிசகும் இரண்டு மடங்காகிறது. பத்துச் சக்கரத்தில் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கும். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த ஒரு சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும். இதில் கிட்டோடு வருகிற சட்டத்தை வெட்டி நீட்ட வேறு வேண்டும். இரண்டு சட்டங்களையும் அரை மில்லிமீட்டர்கூட மாறாமல் வெட்டி, உள்பக்கம் ஸ்டைரீன் பட்டை கொடுத்து ஒட்டி, டிரைவ் ஷாஃப்டையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும். தேர்ந்த கை செய்யும் வேலை இது. முதல் கிட்டில் நிப்பர் பிடிக்கிற பிள்ளையிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்தது குரோம். பெட்டியைத் திறந்ததும் பளபளக்கும் அந்தப் பாகங்களில் குரோமியம் கிடையாது. பிளாஸ்டிக்கின் மேல் வார்னிஷ் பூசி, வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய படலம் அது. மாடல் பசை இரண்டு ஸ்டைரீன் பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும் தன்மை உடையது. படலம் இடையில் நின்றால் பசை பிளாஸ்டிக்கைத் தொடாது, ஒட்டு நிற்காது. ஆகவே ஒட்டும் இடத்தில் எல்லாம் சுரண்ட வேண்டும். பாகத்தை அது இணைந்து வரும் வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு பம்பரிலும் புகைக்குழாயிலும் அப்படியே இருக்கும், உப்புத்தாள் போட்டால் குரோம் போய்விடும். முறையாகச் செய்வதென்றால் முழுப் படலத்தையும் நீக்கி, கோடுகளைத் தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அதன்மேல் ஏர்பிரஷ்ஷில் உலோக லேக்கர் பாய்ச்ச வேண்டும். சென்னையில் ஐப்பசி மழைக் காற்றில் லேக்கர் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காய்வதற்குள் மேலே வெண்படலம் பூத்துவிடும். குரோம் லாரி வாங்குகிறவர் உண்மையில் கம்ப்ரெஸரும் ஏர்பிரஷும் சேர்த்தே வாங்குகிறார். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

கிட்டின் வயதும் கணக்கில் வரவேண்டும். ஏ.எம்.டி.யின் பீட்டர்பில்ட் 359, ‘மூவின் ஆன்’ என்ற 1974-76 தொலைக்காட்சித் தொடரில் வந்த கென்வொர்த் டபிள்யூ 925 போன்றவை மறுபடி மறுபடி வெளியிடப்படும் பழைய அச்சுகள். பெட்டி புதிது, உள்ளே அச்சு அரை நூற்றாண்டுப் பழசு. ஓரங்களில் பிதுங்கிய பிளாஸ்டிக், சரியாகப் பொருந்தாத மூக்கு, பழக்கம் உள்ளவருக்கென்றே வரைந்த விளக்கப் படங்கள். அமெரிக்க மாடல் வரலாற்றில் அவற்றுக்குப் பெரிய இடம் உண்டு. அந்த மரியாதையில் எனக்குக் குறைவில்லை. ஐந்தாவது, ஆறாவது லாரியாக எடுத்தால் அவை அள்ளிக் கொடுக்கும். முதல் லாரியாக எடுத்தவர்களில் முடித்துக் காட்டியவர்கள் மிகக் குறைவு. மூக்கைத் திறந்தால் முழு இன்ஜினும் தெரியும் என்பதால், வயரும் குழாயும் கொடுக்காமல் விட்டால் வெறுமையாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதை எடுப்பது? என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உழைக்கிற வண்டிதான் பிடிக்கும். கண்காட்சிக்கென்று துடைத்து வைத்த வண்டியைவிட, சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும் வண்டியில் பார்ப்பதற்கு அதிகம் இருக்கிறது. ஆகவே இத்தலேரியின் 1/24 வோல்வோ எஃப்.எச். போன்ற இரண்டு ஆக்சில் இழுவை வண்டியைத்தான் கைகாட்டுவேன். வோல்வோ 1998-இல் பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டையில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. காற்றாலை இறக்கைகளையும் ராட்சத டிரான்ஸ்ஃபார்மர்களையும் இழுத்துப் போகிற வண்டிகளில் எஃப்.எச். உண்டு. மாடலுக்கு முன்னோடியான வண்டியை நம் சாலையிலேயே நேரில் பார்க்கலாம், நிழற்படம் எடுக்கலாம், ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு டேப் வைத்து அளக்கலாம். பீட்டர்பில்ட்டை நம் ஊரில் அப்படி அளக்க முடியாது.

இதில் கஸ்டம் வேலை எங்கே என்று தம்பிகள் கேட்பார்கள். முதல் வேலையே கைவசம் இருக்கிறது: ஐரோப்பியக் கிட்டில் ஸ்டியரிங் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும், அதை வலப்பக்கம் மாற்றுங்கள். டாஷ்போர்டை வெட்டி, மீட்டர் மேடையை மறுபுறம் ஒட்டி, இடைவெளியில் பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும். பெடல்கள் மாறும், வைப்பர் படுக்கும் திசையும் மாறும். பிசகினாலும் கேபினுக்குள் மறைந்துவிடும், ஆனால் வெட்டுவது, பொருத்துவது, பட்டி பார்ப்பது மூன்றும் கைக்கு வந்துவிடும். பிறகு ஒரு மில்லிமீட்டர் ஸ்டைரீன் தாளில் சன் வைசர், மேலே கேரியர், கேபினுக்குப் பின்னால் டூல் பாக்ஸ், பம்பரில் எச்சரிக்கைப் பட்டைகள். கண்ணாடிகளை ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். சூப்பர் குளூ பட்டால் ஓரம் வெளுத்துப் போகும். வண்டி எண்ணையும் பெயரையும் வீட்டு இங்க்ஜெட்டில் டீகல் தாளில் அடிக்கலாம். அந்த அச்சுப்பொறியால் வெள்ளை நிறம் அடிக்க முடியாது என்பதால் அடர்நிறக் கேபினுக்கு வெள்ளைத் தாளே வாங்குங்கள். உடல் வண்ணத்தை மெல்லிய இரண்டு மூன்று பூச்சாகப் பிரஷ்ஷிலேயே கொடுக்கலாம். உழைக்கிற வண்டிக்குக் கண்ணாடிப் பளபளப்பு தேவையில்லை. சாக்பீஸ் வண்ணத்தூளைச் சக்கர வளைவுகளில் தடவினால் செம்மண் புழுதி வந்துவிடும்.

இது கைக்கு வந்தபின் இரண்டாவது கிட்டில் சேஸிஸை நீட்டி, நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் கட்டுகிற மாதிரி முழு லாரி பாடி கட்டலாம். ஆறு மீட்டர் பாடி 25 செ.மீ.; 15 செ.மீ. பலகை ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஸ்டைரீன் பட்டையில் முரட்டு உப்புத்தாளை ஒரே திசையில் இழுத்தால் மரத்தின் ரேகை விழும். நீட்டிய சட்டத்தைப் பாடி மறைத்துவிடுவதால், இங்கே கை பழகும்வரை சிறு பிசகுகளுக்கு இடம் உண்டு.

எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேலையும் ஒத்துவராது. சிலருக்கு நிறக் கண் இருக்கும், நேர்க்கோடு வராது. சிலர் அச்சுப் பிசகாமல் வெட்டுவார்கள், பெயின்ட் என்றால் கை நடுங்கும். எது தனக்கு வருகிறது என்று தெரிய ஒரு வண்டியாவது முடிந்திருக்க வேண்டும். பசை காய ஒரு இரவு, பிரைமர் காய ஒரு நாள் என்று காத்திருக்கப் பழகியவனுக்குப் பாதி வித்தை வந்துவிட்டது. சேஸிஸைச் சமமான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, எல்லாச் சக்கரமும் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாள் காலைவரை அதைத் தொடாமல் இருக்க முடிகிற பிள்ளையிடம் எந்தக் கிட்டையும் நம்பிக் கொடுக்கலாம். அந்தப் பழக்கம் மாடலோடு நின்றுவிடுவதில்லை. அவசரம் அவசரமாகக் கோர்ஸைத் தேர்ந்தெடுத்து அடுத்த ஆண்டே மாற்றத் துடிக்கிற மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் ஒரு பொருளையாவது தொடங்கி முடித்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். கடைக்குப் போவதற்கு முந்தின வாரம் பிள்ளையை நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்துக்கு அழைத்துப் போங்கள். எந்த வண்டியின் அருகில் அதிக நேரம் நிற்கிறான், எதைக் கேள்வி கேட்கிறான் என்று கவனியுங்கள். அந்த வண்டிக்கு நெருக்கமான 1/24 கிட் ஒன்று, ஒரு நிப்பர், ஒரு பசை, இரண்டு பிரஷ், நான்கு நிற பெயின்ட் வாங்கிக் கொடுங்கள். ஏர்பிரஷை இரண்டாவது வண்டி முடியும்வரை வாங்காதீர்கள்.