தலாக்கின்போது கணக்கை மறைக்காதீர்கள்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர் தலாக் விஷயமாக ஜமாஅத் முன் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் சொல்கிறார். ஓவர்டைம், போனஸ், பி.எஃப்., அண்ணன் பெயரில் வாங்கிய மனை எதையும் வாய் திறப்பதில்லை. "நான் பொய் சொல்லவில்லையே" என்பார். ஆனால் மறைத்தாரே!

தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு நல்ல முறையில் வாழ்வாதாரம் கொடுப்பது இறையச்சமுள்ளவர்கள் மீது கடமை என்கிறது குர்ஆன் (2:241). எவ்வளவு கொடுப்பது? வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்ப, நெருக்கடியில் இருப்பவர் தம் நிலைக்கேற்ப (2:236, 65:7). அப்படியானால் இங்கே அளவுகோலே உங்கள் வருமானம்தான். வருமானத்தை மறைப்பவர் அந்த அளவுகோலையே வெட்டிச் சுருக்குகிறார். அளவில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று 83ஆவது அத்தியாயம் தொடங்குகிறதே, அது கடைத் தராசுக்கு மட்டும் சொன்னதா?

நம் நாட்டுச் சட்டமும் இதைக் கேட்கிறது. மஹரும், திருமணத்தில் உறவினர்கள் அவளுக்குத் தந்த பொருட்களும் அவளுக்கே உரியவை என்கிறது 1986ஆம் ஆண்டுச் சட்டம். ஜீவனாம்ச வழக்குகளில் கணவன், மனைவி இருவரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் கேட்டபின் காட்டுவது சட்டத்துக்குப் பயந்து. கேட்கும் முன்பே காட்டுவது அல்லாஹ்வுக்குப் பயந்து.

எனவே பேச்சுவார்த்தைக்கு முன் இருவரும் தனித்தனியே எழுதுங்கள்: சம்பளச் சீட்டு, பி.எஃப். இருப்பு, வங்கிக் கணக்கு, மனை, சீட்டுப் பணம், பாக்கியுள்ள மஹர், அடகிலிருக்கும் நகை, அதை அடகு வைத்தது யார் என்பது. கடனையும் எழுதுங்கள், அதுவும் உண்மையின் பாதி. சகோதரிகளும் தம் சம்பளத்தை, கையிலுள்ள நகையை மறைக்க வேண்டாம். இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதியை ஜமாஅத்திடம் கொடுங்கள்.

தலாக்கைப் பற்றிப் பேசும் இடத்திலேயே, உங்களுக்கிடையே பெருந்தன்மையை மறந்துவிடாதீர்கள் என்று அல்லாஹ் நினைவூட்டுகிறான் (2:237). பிரிகிற நேரத்திலும் ஹராமான ஒரு ரூபாய் நம் வீட்டுக்குள் வராமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.